பழைய காருக்குப் புது நம்பர் பிளேட்: ஆர்.சி.யில் தொடங்கி போல்ட் வரை

பழைய காரின் நம்பர் பிளேட் வளைந்தோ எழுத்து உரிந்தோ போனால் பலரும் நேராக ரேடியம் ஸ்டிக்கர் கடைக்குத்தான் போகிறார்கள். அரை மணி நேரத்தில் பிளேட் கையில் கிடைத்துவிடும். ஆனால் அது சட்டப்படி சரியான பிளேட்டா என்பதைக் கடைக்காரர் பார்க்க மாட்டார். அது அவர் வேலையும் இல்லை. பிளேட்டில் இருக்கும் எண், அதன் நிறம், வண்டியின் வகை எல்லாமே பதிவுச் சான்றான ஆர்.சி.யில் இருந்து வருபவை. ஆர்.சி.யும், அரசின் வாகனப் பதிவுத் தரவுத்தளமான வாஹனில் உள்ள தரவும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் பிளேட் மாற்றுவது சில நாள் வேலை. பொருந்தாவிட்டால் எவ்வளவு நல்ல பிளேட் மாட்டினாலும் எப்.சி.யிலோ (தகுதிச் சான்று), பெயர் மாற்றத்திலோ, இன்சூரன்ஸ் கிளெய்மிலோ போய் முட்டி நிற்கும். அதனால் பழைய வண்டிக்கு ஆவணத்தை முதலில் பாருங்கள், பிளேட்டைக் கடைசியில் பாருங்கள்.

எந்த பிளேட் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட், அதாவது எச்.எஸ்.ஆர்.பி., கட்டாயம். அதைத் தயாரிப்பாளரே கொடுக்க வேண்டும். டீலர் மாட்டித் தருவார். இந்த வண்டிகளில் பிளேட் உடைந்தால் எச்.எஸ்.ஆர்.பி.க்கு எச்.எஸ்.ஆர்.பி.தான் மாற்று. ஸ்டிக்கர் கடை பிளேட் செல்லாது.

அதற்கு முந்தைய வண்டிகளுக்கு எப்போது கட்டாயம், எந்தத் தேதிக்குள் என்பதை அந்தந்த மாநில அரசு அறிவிக்கிறது. டெல்லி, கர்நாடகா, மகாராஷ்டிரா ஆகியவை பழைய வண்டிகளுக்கும் கட்டாயமாக்கியவை; கர்நாடகா 2023 ஆகஸ்டில் அறிவிக்கை வெளியிட்டுவிட்டுக் கடைசித் தேதியைப் பலமுறை தள்ளிவைத்தது. இங்கே கணக்கில் வருவது நீங்கள் எங்கே ஓட்டுகிறீர்கள் என்பது அல்ல, வண்டி எங்கே பதிவானது என்பதுதான். கே.ஏ. எண் வண்டியைக் கோவையில் வைத்து ஓட்டினாலும் கர்நாடக அறிவிக்கை அதற்குப் பொருந்தும். தமிழ்நாட்டுப் பதிவு வண்டிக்குப் போக்குவரத்துத் துறையின் நடப்பு அறிவிப்பை மட்டும் பாருங்கள். வாட்ஸ்ஆப்பில் சுற்றும் ‘இன்றே கடைசி நாள்’ செய்திகளில் பாதி வேறு மாநிலத்துக்கானவை, மீதி போலி புக்கிங் தளத்துக்கு இழுக்கும் வலை.

உங்கள் வண்டிக்கு எச்.எஸ்.ஆர்.பி. கட்டாயம் இல்லை என்றால் சாதாரண பிளேட் போட்டுக்கொள்ளலாம். ஆனால் சாதாரண பிளேட்டுக்கும் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 50, 51-ஆம் விதிகள் அளவு சொல்கின்றன. ‘பழைய வண்டிதானே’ என்று அந்த விதிகளில் விலக்கு எதுவும் கிடையாது.

ஆர்.சி.யையும் வாஹனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு வரும் விவரத்தையும் கையில் உள்ள ஆர்.சி.யையும் வரி வரியாக ஒப்பிடுங்கள். பார்க்க வேண்டியவை: வண்டி எண், சேஸ் எண், எஞ்சின் எண், எரிபொருள், வண்டி வகை, பதிவு செல்லுபடித் தேதி. பழைய வண்டிகளில் வழக்கமாகச் சிக்குவது இவைதான்:

வண்டியே வாஹனில் இல்லை. கையெழுத்தில் எழுதிய ஆர்.சி. புத்தகக் காலத்து வண்டிகள் கணினியில் ஏற்றப்படாமலே விட்டுப்போயிருக்கும். பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பேக்லாக் என்ட்ரி (விட்டுப்போன பழைய பதிவைக் கணினியில் ஏற்றுவது) கேட்டு மனு கொடுக்க வேண்டும். அசல் ஆர்.சி. புத்தகம், நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி கட்டிய ரசீது, அடையாளச் சான்று, சேஸ் எண்ணின் பென்சில் பிரிண்ட் (எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் அச்சு) ஆகியவற்றோடு போங்கள். பென்சில் பிரிண்ட் எடுக்கும்போது துருவை வயர் பிரஷ்ஷால் லேசாக நீக்கினால் போதும். எமரி பேப்பர் போட்டுத் தேய்த்தால் எண் மழுங்கிவிடும். மழுங்கிய எண்ணைப் பார்க்கும் மோட்டார் வாகன ஆய்வாளருக்கு யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம்தான் வரும்.

சேஸ் எண்ணில் ஓர் எழுத்து தவறு. பூஜ்யத்துக்குப் பதில் ‘ஓ’, 1-க்குப் பதில் ‘ஐ’, 8-க்குப் பதில் ‘பி’, 5-க்குப் பதில் ‘எஸ்’. 17 இலக்க சேஸ் எண்ணில் ‘ஐ’, ‘ஓ’, ‘கியூ’ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் வரவே வராது. அவற்றில் ஒன்று உங்கள் ஆர்.சி.யில் இருந்தால் அது தட்டச்சுப் பிழை என்று உடனே சொல்லிவிடலாம். 17 இலக்க முறை வருவதற்கு முந்தைய வண்டிகளின் சேஸ் எண் 17-ஐவிடக் குறைவாக இருக்கும், அவற்றுக்கு இந்தக் கணக்கு உதவாது. வண்டியில் பொறித்திருப்பதை நேரில் பார்ப்பதுதான் வழி.

எஞ்சின் மாற்றியது ஆர்.சி.யில் ஏறவில்லை. அம்பாசடரில் டீசல் எஞ்சின் ஏற்றியது, மாருதி 800-இல் செகண்ட் ஹேண்ட் எஞ்சின் வைத்தது, காரில் எல்.பி.ஜி. கிட் போட்டது எல்லாமே மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின் கீழ் வரும் மாற்றங்கள். ஆர்.சி.யில் பதிவு இல்லாமல் எச்.எஸ்.ஆர்.பி. புக்கிங்கில் எஞ்சின் எண் கொடுத்தால் ‘பொருந்தவில்லை’ என்று திரும்பிவிடும். அங்கே பழைய எண்ணைக் கொடுத்துச் சமாளிக்காதீர்கள். அந்த எண் கண்ணாடி ஸ்டிக்கரிலும் அச்சாகும். பிறகு ஒரு விபத்து நேர்ந்தால் ஸ்டிக்கர் ஒன்று சொல்லும், எஞ்சின் பிளாக் வேறொன்று சொல்லும்.

பதிவு காலாவதி. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும், பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காலாவதியான ஆர்.சி.யோடு ஓட்டும் வண்டி சட்டத்தின் பார்வையில் பதிவு இல்லாத வண்டி. புதுப்பிக்கப் படிவம் 25. காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 2022 ஏப்ரலில் இருந்து காருக்கு 5,000 ரூபாய். 2025 ஆகஸ்ட் திருத்தத்தில் 20 ஆண்டு தாண்டிய காருக்கு 10,000 ரூபாய் ஆனது. தாமதித்தால் கார்களுக்கு மாதம் 500 ரூபாய் கூடுதல். பசுமை வரி தனி. இதற்கு வண்டியை நேரில் காட்ட வேண்டியிருப்பதால், எழுத்து உரிந்த பிளேட்டோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எச்.எஸ்.ஆர்.பி. கட்டாயம் இல்லாத வண்டிக்கு விதிப்படியான சாதாரண பிளேட்டை மாட்டிக்கொண்டு போய்க் காட்டுவது சுலபம்.

ஆர்.சி.யே தொலைந்திருந்தால் முதலில் நகல் ஆர்.சி.: படிவம் 26. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கையை வீட்டில் இருந்தே எடுத்துக்கொள்ளலாம், ஆர்.சி. அந்தப் பட்டியலில் இருக்கிறது.

எச்.எஸ்.ஆர்.பி. புக் செய்வது

இந்திய வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாமின் தளத்தில் எச்.எஸ்.ஆர்.பி. பகுதிக்குப் போய், மாநிலம், வண்டி வகை, கம்பெனி ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கம்பெனிக்கு அனுமதி பெற்ற பிளேட் தயாரிப்பாளரின் தளத்துக்குக் கொண்டுபோய் விடும். கூகுளில் தேடி முதலில் வரும் விளம்பரத்தைச் சொடுக்காமல் இந்த வழியில் போவதுதான் பாதுகாப்பு. பெயரிலும் நிறத்திலும் அச்சு அசலாக இருக்கும் போலித் தளங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு எதையும் அனுப்புவதில்லை.

வண்டி எண், முழு சேஸ் எண், எஞ்சின் எண் கொடுத்ததும் தளம் வாஹனோடு சரிபார்க்கும். பிறகு மாட்டும் இடம் (டீலர் கடை அல்லது கூடுதல் கட்டணத்தில் வீடு), தேதி, நேரம், ஆன்லைன் கட்டணம். விலை மாநிலத்தையும் தயாரிப்பாளரையும் பொறுத்தது. ஒரு மதிப்புக்கு, மகாராஷ்டிராவில் கார்களுக்கு நிர்ணயித்தது ஜி.எஸ்.டி. நீங்கலாக 745 ரூபாய். சில ஆயிரங்கள் கேட்கும் இடைத்தரகரிடம் கொடுக்கும் மீதிப் பணத்துக்கு எதுவும் கூடுதலாகக் கிடைக்காது.

புக் செய்யும் முன் ஒரு வேலை. டேப் எடுத்து முன்னும் பின்னும் பிளேட் உட்காரும் இடத்தை அளந்துவிடுங்கள். கார்களுக்கு இரண்டு அளவுதான்: 500 × 120 மி.மீ. நீளப் பிளேட், 340 × 200 மி.மீ. சதுரப் பிளேட். தளம் மாடலை வைத்துத் தானாக அளவை எடுத்துக்கொள்ளும். பழைய வண்டியில் முந்தைய உரிமையாளர் பம்பரை மாற்றியிருப்பார், அல்லது டிக்கி கதவின் பள்ளத்தில் சதுரம்தான் உட்காரும். வந்து இறங்கிய பிளேட் பொருந்தாமல், மாட்டுபவர் அதை வளைத்துத் திணிப்பதெல்லாம் அளக்காததால் வரும் வினை.

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, கெஸல் மாதிரி உற்பத்தி நின்றுபோன வண்டிகளுக்குக் கம்பெனிப் பட்டியலில் பெயர் வராமல் போகலாம். அப்போது வேறு கம்பெனிப் பெயரைப் போட்டு புக் செய்யாதீர்கள். வாஹனில் அது பொருந்தாது, பணம் மாட்டிக்கொள்ளும். பதிவு செய்த ஆர்.டி.ஓ.வுக்கு எழுத்து மூலம் மனு கொடுத்து, ஒப்புகை முத்திரையோடு நகலை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்கும் காவலரிடம் காட்ட அந்த ஒரு தாள் உதவும்.

மாட்டி முடித்ததும் அசலா என்று பார்ப்பது எளிது. பிளேட் 1 மி.மீ. அலுமினியம். இடது மேல் பக்கம் 20 × 20 மி.மீ. குரோமியம் ஹாலோகிராம், அதில் அசோகச் சக்கரம். இடது கீழே லேசரால் பொறித்த அடையாள எண்; போலி ஹாலோகிராமை மேலே ஒட்டிவிடலாம், லேசர் எண்ணை அப்படி ஒட்ட முடியாது. எழுத்துகள் புடைத்து நிற்கும், அவற்றின் மேல் உள்ள கறுப்புப் படலத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் ‘இந்தியா’ என்ற ஆங்கிலச் சொல் 45 டிகிரி சாய்வில் திரும்பத் திரும்பத் தெரியும். ஆன்லைன் சந்தையில் 300 ரூபாய்க்கு வரும் ‘எச்.எஸ்.ஆர்.பி. மாடல்’ பிளேட்டில் நீல நிற நாட்டுக் குறியும் ஹாலோகிராமும் இருக்கும். லேசர் எண் இருக்காது, அல்லது அச்சடித்த எண்ணாக இருக்கும். அந்த எண் வாஹனில் எந்த வண்டியோடும் இணைந்திருக்காது. எச்.எஸ்.ஆர்.பி. கட்டாயமான வண்டியில் சாதாரண பிளேட் மாட்டினால் குறையுள்ள பிளேட், இதை மாட்டினால் போலி பிளேட். இரண்டில் எது பெரிய தலைவலி என்று சொல்லத் தேவையில்லை.

முன்கண்ணாடியின் உள்பக்கம் இடது மூலையில் ஒட்டும் 100 × 60 மி.மீ. ஸ்டிக்கர் மூன்றாவது பிளேட்டாகவே கணக்கு. பெட்ரோல், சி.என்.ஜி. வண்டிக்கு இளநீலம், டீசலுக்கு ஆரஞ்சு, மற்றவைக்குச் சாம்பல். பிரித்தால் கிழிந்துபோகும்படி செய்தது. பழைய கார்களில் கண்ணாடி மாற்றும்போது இது போய்விடும். ஸ்டிக்கரை மட்டும் தனியாக ஆர்டர் செய்யலாம், அதற்கு இரண்டு பிளேட்டிலும் உள்ள லேசர் எண் தெளிவாகத் தெரியும் படங்களைக் கேட்பார்கள். மாட்டிய அன்றே அந்த எண்களைப் படம் எடுத்து ஆர்.சி. நகலோடு சேமித்து வையுங்கள். பிளேட் திருடுபோன பிறகு அந்த எண்ணைத் தேடிப் பயன் இல்லை.

பிளேட் குறைந்தது 5 ஆண்டு கெடாமல் இருக்கும் என்ற உத்தரவாதத்தோடுதான் வர வேண்டும் என்பது விதி. ஒரு கோடை தாண்டுவதற்குள் கறுப்புப் படலம் வெளுத்து உரிந்தால் பெர்மனென்ட் மார்க்கரால் தீட்டாதீர்கள். தீட்டியது பிளேட்டில் கை வைத்ததாகக் கணக்காகும், உத்தரவாதமும் போகும். ஆர்டர் எண்ணோடு தயாரிப்பாளரிடம் புகார் கொடுத்து மாற்று கேளுங்கள்.

சாதாரண பிளேட் எழுதும்போது

கடைக்காரரிடம் வாய்மொழியாகச் சொல்லாமல் அளவைத் தாளில் எழுதிக் கொடுங்கள். காருக்கு எழுத்து, எண் இரண்டின் உயரமும் 65 மி.மீ., கோட்டின் தடிமன் 10 மி.மீ., எழுத்துகளுக்கு இடையே 10 மி.மீ. சொந்தக் காருக்கு வெள்ளையில் கறுப்பு, வாடகை வண்டிக்கு மஞ்சளில் கறுப்பு. ஆங்கில எழுத்து, 1, 2, 3 என்ற எண் வடிவம்.

கடைகளில் எழுத்தைச் சிறிதாக்குவதற்கு ஒரு காரணம் உண்டு. மாநிலம், ஆர்.டி.ஓ. எண், தொடர் எழுத்து இரண்டு, நான்கு இலக்கம் என்று மொத்தம் 10 எழுத்து. ஒவ்வொன்றும் 38 மி.மீ. அகலம் என்றால் 380, இடைவெளி ஒன்பதுக்கு 90, மொத்தம் 470. அதாவது 500 மி.மீ. பிளேட்டில் இரு பக்கமும் 15 மி.மீ.தான் மிச்சம். இதில் பிளாஸ்டிக் பிரேம் விளிம்பு வேறு மறைத்தால் கடைசி இலக்கம் கடிபடும். ஆகவே கடைக்காரர் உயரத்தையும் சேர்த்துக் குறைத்துவிடுவார், 65 என்பது 50 ஆகிவிடும். அகலத்தை 36 ஆகக் குறைத்து உயரத்தை 65-இல் நிறுத்தச் சொல்லுங்கள். ஓரத்துக்கும் போல்ட்டுக்கும் இடம் கிடைக்கும்.

பின்பக்கம் 340 × 200 பிளேட் என்றால் இந்தச் சிக்கலே இல்லை. மேல் வரியில் மாநிலமும் ஆர்.டி.ஓ. எண்ணும், கீழ் வரியில் மீதி. இரண்டு வரிக்கு 130 போக 70 மி.மீ. இருக்கிறது. மேலே 20, நடுவே 30, கீழே 20 என்று பிரித்தால் தூரத்தில் இருந்தும் தெளிவாகப் படிக்கலாம். பின்பக்கம் இரண்டு வரிக்கு இடம் இல்லாத மாடல்களில் ஒரே வரியாக எழுத விதியே இடம் தருகிறது.

சாய்வெழுத்து, நிழல் எழுத்து, 8055 என்ற எண்ணை ஆங்கிலத்தில் ‘பாஸ்’ என்று படிக்கும்படி வளைத்து எழுதுவது, பிளேட்டில் தலைவர் படம், சாதிப் பெயர், கட்சிக் கொடி, தொழில் பெயர், சாமி படம் எதற்குமே அனுமதி இல்லை. வேறு பெயரோ படமோ பிளேட்டில் இருக்கக் கூடாது என்று 50-ஆம் விதி சொல்கிறது. கண்ணாடி மாதிரி மினுங்கும் அக்ரிலிக் மூடி, கறுப்புச் சாயம் பூசிய மூடி ஆகியவையும் வேண்டாம். பகலில் அழகாக இருக்கும், இரவில் கேமராவின் வெளிச்சம் பட்டால் எண் தெரியாது. கேமரா தவறாகப் படித்தால் உங்கள் அபராதம் வேறு யாருக்கோ போகும், வேறு யாருடையதோ உங்களுக்கு வரும்.

மாட்டுவதில்தான் பாதிப் பிளேட் கெடுகிறது

புதுப் பிளேட்டைப் பழைய துருப்பிடித்த பிராக்கெட்டில் அப்படியே மாட்டினால் இரண்டு மழைக்காலத்தில் பிளேட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் நேரடியாக ஒட்டிக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிபடும். பிராக்கெட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டி, ஒரு கோட் ரெட் ஆக்சைடு பிரைமர், அதன் மேல் கறுப்பு பெயின்ட் அடித்து ஒரு நாள் காயவிடுங்கள். பிராக்கெட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே நைலான் வாஷர் வையுங்கள். சாதாரண பிளேட்டுக்கு ஸ்டெயின்லெஸ் எம்-6 போல்ட், 20 மி.மீ. நீளம், பின்னால் நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள, எளிதில் தளராத நட்). ரோட்டின் அதிர்வில் சாதாரண நட் தளர்ந்து, பிளேட் ஒரு பக்கம் தொங்கத் தொடங்கும். அப்படித்தான் பழைய கார்களின் முன்பிளேட் பெரும்பாலும் வழியில் விழுந்து காணாமல் போகிறது.

போல்ட் ஓட்டையை வெள்ளைப் பகுதியில் போடுங்கள். எழுத்தின் நடுவிலோ, இலக்கத்தை ஒட்டியோ கறுப்பு போல்ட் தலை வந்தால் 3 என்பது 8 மாதிரியும், ‘எஃப்’ என்பது ‘ஈ’ மாதிரியும் தெரியும். வெள்ளைத் தலை மூடி ஒன்றிரண்டு ரூபாய்தான்.

எச்.எஸ்.ஆர்.பி.யில் நீங்களாக ஓட்டை போடவே கூடாது. அது ஸ்நாப் லாக்கில் பூட்டப்படும். ஒருமுறை உடைத்தால் திரும்பப் போட முடியாது. டிங்கரிங், பெயின்டிங் வேலைக்கு வண்டியை விடும்போது பிளேட்டைக் கழற்றாமல் மாஸ்கிங் டேப் ஒட்டி வேலை செய்யச் சொல்லுங்கள். கழற்றியே ஆக வேண்டும் என்றால், புது லாக்கை அனுமதி பெற்ற இடத்தில் போடும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒர்க்‌ஷாப்காரர் சாதாரண ஸ்க்ரூவால் மாட்டித் தந்தால் அதை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

முன்பக்கம் கிராஷ் கார்டு போட்ட வண்டியில் பிளேட்டின் குறுக்கே குழாய் போகும். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கிராஷ் கார்டு, புல் பார் இரண்டையுமே 52-ஆம் பிரிவை மீறிய மாற்றம் என்று சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. பிளேட்டை நகர்த்துவதைவிட கிராஷ் கார்டைக் கழற்றிவிடுவது நல்லது.

பின்பிளேட் விளக்கை யாரும் கவனிப்பதில்லை. இரவில் வண்டிக்குப் பின்னால் 15 மீட்டரில் இருந்து எண்ணைப் படிக்க முடிய வேண்டும் என்பது விதி. பார்க்கிங் லைட்டைப் போட்டுவிட்டு இருட்டில் இருபது தப்படி பின்னால் போய்ப் பாருங்கள். எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கும் (பெரும்பாலும் 12 வோல்ட், 5 வாட்), அல்லது டிக்கி கதவின் கீல் பக்கம் வளைந்து வளைந்து வயர் உள்ளே அறுந்திருக்கும். பழைய வண்டியில் மூன்றாவது காரணமும் உண்டு: எர்த் போல்ட் துருப்பிடித்து விளக்கு மங்கலாக எரியும். போல்ட்டைக் கழற்றி உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து மாட்டினால் சரியாகிவிடும். நீலம், ஊதா எல்.இ.டி. பட்டைகள் வேண்டாம், வெள்ளை வெளிச்சம் மட்டும்.

பிளேட் திருடுபோனால்

ஒரு பிளேட்தானே என்று விடாதீர்கள். திருடியவர் அதைத் தன் வண்டியில் மாட்டிக்கொண்டு போனால், பெட்ரோல் பங்க் பணம் கட்டாதது முதல் விபத்து வரை எல்லாம் உங்கள் எண்ணில் விழும். வண்டி நின்ற இடத்திலேயே படம் எடுத்து, அன்றே காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரை ஏற்றதற்கான சீட்டு) வாங்குங்கள். எச்.எஸ்.ஆர்.பி. என்றால் லேசர் எண்ணைப் புகாரிலேயே எழுதுங்கள். மாற்றுப் பிளேட் புக் செய்யும்போது ‘தொலைந்தது’ என்று தேர்ந்தெடுத்தால் எஃப்.ஐ.ஆர். அல்லது புகார் நகலைப் பதிவேற்றச் சொல்வார்கள். ‘சேதம்’ என்றால் உடைந்த பிளேட்டின் படம் போதும், பழையதை மாட்டும் இடத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும்.

ரசீது பிளேட்டுக்கு மாற்று அல்ல. பின்பிளேட் இல்லாத வண்டியை ‘ரசீது இருக்கிறதே’ என்று தினமும் ஓட்ட முடியாது. புது பிளேட் வரும்வரை வண்டியை வீட்டில் நிறுத்துவதே நல்லது. நீங்கள் போகாத ஊரில் இருந்து இ-சலான் வந்தால் சி.எஸ்.ஆர். தேதிதான் உங்கள் பக்கத்து ஆதாரம். புகாரை நான்கு நாள் தள்ளிப்போட்டால் அந்த நான்கு நாளுக்கு ஆதாரம் இல்லை.

தனிக் கவனம் வேண்டிய வண்டிகள்

டி போர்டு (வாடகை வண்டியாகப் பதிவான) அம்பாசடர், இண்டிகாவை வாங்கிச் சொந்த உபயோகத்துக்கு ஓட்டுபவர்கள் மஞ்சள் பிளேட்டைக் கழற்றி வெள்ளை மாட்டிவிடுகிறார்கள். ஆர்.சி.யில் வண்டி வகை மாறாமல் நிறத்தை மாற்றுவது தவறு. பர்மிட்டை ஒப்படைத்து, சொந்த வாகனமாக மாற்ற விண்ணப்பித்து, வரி வித்தியாசத்தைக் கட்டி, ஆர்.சி. மாறிய பிறகே வெள்ளை.

வெளிமாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் 47-ஆம் பிரிவின்படி இந்த மாநில எண் வாங்க வேண்டும். பழைய மாநிலத்தில் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று, இங்கே படிவம் 27-இல் புது எண்ணுக்கு விண்ணப்பம், இங்கத்திய வரி. எண் மாறப் போகிற வண்டிக்கு முந்தைய மாநில எச்.எஸ்.ஆர்.பி. வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

1989-க்கு முந்தைய எம்.டி.யு., எம்.எஸ்.எக்ஸ்., டி.எம்.ஆர். போன்ற மூன்றெழுத்து எண் வண்டிகள் அந்த எண்ணிலேயே ஓடலாம். டி.என். என்று சேர்த்தோ, எழுத்தைப் பிரித்தோ எழுதாமல் ஆர்.சி.யில் உள்ளபடியே எழுதுங்கள். அந்தக் காலத்தில் சொந்த வண்டிக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து இருந்தது. மீட்டெடுத்த வண்டிக்கு அது அழகுதான், ஆசை புரிகிறது. ஆனால் ரோட்டில் ஓட்டும் சொந்தக் காருக்கு இன்றைய விதி வெள்ளையில் கறுப்பு. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்டும் கார்களுக்கு உரியது. பழைய கறுப்புப் பிளேட்டைக் கண்காட்சிக்கு என்று எடுத்து வையுங்கள்.

முதல் பதிவில் இருந்து 50 ஆண்டு தாண்டி, அசல் வடிவில் இருக்கும் வண்டியை 2021 ஜூலை திருத்தத்தின்படி விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. செல்லுபடி 10 ஆண்டு. புது எண்ணில் மாநிலக் குறியீட்டுக்கு அடுத்து ‘வி.ஏ.’ என்ற ஆங்கில எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள்: விண்டேஜ் பதிவு வண்டியைக் கண்காட்சி, ஆராய்ச்சி, ராலி, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு தவிர அன்றாட ஓட்டத்துக்கு எடுக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்கு ஓட்டிப்போக விரும்பினால் சாதாரணப் பதிவைப் புதுப்பித்து வைத்துக்கொள்வதே மேல்.

அபராதமும், மாட்டிய பிறகு செய்ய வேண்டியதும்

குறையுள்ள பிளேட்டுக்குப் பெரும்பாலும் 177-ஆம் பிரிவு: முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்து 1,500 வரை. சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2024 மே மாதம் பிளேட்டில் ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் மேல் நடவடிக்கை எடுத்தது இதன் கீழ்தான். பதிவே காலாவதியான வண்டி என்றால் 192-ஆம் பிரிவு: முதல் முறை 2,000 முதல் 5,000 வரை, மறுமுறை 5,000 முதல் 10,000 வரை அல்லது ஓராண்டு வரை சிறை அல்லது இரண்டும். வேறு வண்டியின் எண்ணை மாட்டி ஓட்டினால் அது போக்குவரத்து அபராதம் அல்ல, மோசடிக் குற்ற வழக்கு.

எண் மாறாமல் பிளேட் மட்டும் மாறியிருந்தால் யாருக்கும் தெரிவிக்க வேண்டியதில்லை. எண் மாறியிருந்தால் முதல் நாளே இன்சூரன்ஸ் பாலிசியில் எண்டார்ஸ்மென்ட் (திருத்தப் பதிவு) போடுங்கள், புது எண்ணில் புகைச் சான்று எடுங்கள், பழைய ஃபாஸ்டேகை மூடிவிட்டுப் புது எண்ணுக்கு வேறு டேக் வாங்குங்கள். டேகில் ஓர் எண், பிளேட்டில் வேறு எண் என்று இருந்தால் டேக் முடக்கப்படும். டோலில் கூடுதல் கட்டணம் கட்டும்போதுதான் அது தெரியவரும்.